மொட்டைமேட்டுக்கு அந்தப் பக்கம்

வெள்ளிமலையில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே, டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவில் இருக்கிறது என் கடை. எஸ்தர் மொபைல்ஸ். ரீசார்ஜ் செய்வது, சிம் கொடுப்பது, உடைந்த கண்ணாடியை மாற்றுவது, பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்து நிற்கிறவர்களைத் திட்டுவது எல்லாம் நானே. என் வீட்டுக்காரர் ஆல்பர்ட் கீழே கச்சிராயபாளையத்துக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவதோடு சரி. இந்த மலையில் யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரோடு பேச்சை முறித்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போகாது. நான் துருவிக் கேட்பதில்லை. போனைக் கையில் கொடுக்கும்போதே கதையையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறார்கள்.

தங்கதுரை அண்ணன் கதையும் அப்படி வந்ததுதான். பாதி அவர் மனைவி பாப்பாத்தி அக்கா சொன்னது, மீதி அவரே சொன்னது. நாவலூத்து என்கிற சின்ன ஊரில் மரவள்ளியும் சாமையும் போடுகிற மனிதர். குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. பெருமழை அடித்து ஓய்ந்தால் யாரும் சொல்லாமலே மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் ஊர்ப் பாதையைச் சரிசெய்துவிட்டு வருவார். ஒரே ஒரு குணம்தான் கெட்டது, பிடித்த பிடியை விடமாட்டார். அந்தக் குணத்தின் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது. ஆனாலும் அவர் கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்போது அந்தக் கோபம் எங்கேயோ போய்விடுகிறது, மனசு கனத்துவிடுகிறது.

நாவலூத்துக்கும் குண்டாங்காட்டுக்கும் நடுவில் ஒரு மேடு. உச்சியில் மரம் மட்டை எதுவும் கிடையாது, அதனால் அதற்கு மொட்டைமேடு என்று பெயர். அங்கே நின்றால் இந்தப் பக்கம் நாவலூத்து ஓடுகள், அந்தப் பக்கம் குண்டாங்காட்டுக் கூரைகள் இரண்டும் தெரியும். உச்சியில் இருக்கும் சாமைக்கொல்லை தங்கதுரை அண்ணனுடையது. நடந்து போகிறவர்கள் மேடேறி இறங்குவார்கள். வண்டியில் போவதென்றால் வெள்ளிமலைக்கு வந்து சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

டவர் வருவதற்கு முன்னால் இரண்டு ஊருக்கும் சேர்த்து சிக்னல் கிடைத்த ஒரே இடம் அந்தக் கொல்லைதான். திருப்பூரில் இருக்கும் மகனோடு பேச வேண்டுமா, மேடேறு. பிரசவ வலியா, ஒருத்தன் மேடேறி ஓடி 108-ஐக் கூப்பிட வேண்டும். ரேஷன் கடைக்காரம்மா கைரேகை மெஷினைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறுவார், கிழவன் கிழவியெல்லாம் அரிசிப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னாலேயே ஏறுவார்கள். மேலே போய்க் கட்டைவிரலை வைத்துவிட்டு, கீழே வந்து அரிசி வாங்க வேண்டும். இதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

தங்கதுரை அண்ணனின் ஒரே மகள் சந்தியா. கள்ளக்குறிச்சியில் காலேஜ் படித்த பெண். லீவுக்கு ஊருக்கு வந்தால் தோழிகளோடு பேச மேட்டுக்குப் போவாள். குண்டாங்காட்டுப் பக்கத்திலிருந்து செழியன் என்று ஒரு பையன் அதே மேட்டுக்கு வருவான். லோடு வண்டி ஓட்டுகிறவன், வாடகைக்கு யார் கூப்பிட்டார்கள் என்று பார்க்க வருவான். சிக்னல் தேடி ஏறிய இடத்தில் இரண்டு பேரும் பழகிவிட்டார்கள். அப்பாவிடம் சொல்லப் பயந்துகொண்டு, ஒருநாள் சந்தியா மேட்டின் அந்தப் பக்கம் இறங்கிப் போய்விட்டாள்.

இந்த ஊர்களில் இதற்கும் ஒரு முறை இருக்கிறது. பெண் தானாகப் போய்விட்டால் மாப்பிள்ளை வீட்டார் வெற்றிலைபாக்குத் தட்டோடு வந்து பெண் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். அப்பன்காரன் ஒரு பாக்கை எடுத்து வாயில் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். எடுக்காதவரை மகள் இந்த வாசலை மிதிக்கக்கூடாது, இவர் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கக்கூடாது. செழியன் வீட்டார் முறையாக வந்தார்கள். அண்ணன் மாட்டுக்கொட்டகைக்குள் போய்த் தீவனம் நறுக்க ஆரம்பித்துவிட்டார். பொழுது சாயும்வரை நறுக்கிக்கொண்டே இருந்தாராம், ஊர் மாடு முழுவதும் தின்கிற அளவுக்கு. வந்தவர்கள் தட்டை வாசல் கல்லின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வெற்றிலையை ஆடு தின்றது.

அதன்பிறகு பாப்பாத்தி அக்கா மகளைப் பார்த்தது என் கடையில்தான். சந்தை நாளில் தாய் ஒரு வழியாக வருவாள், மகள் ஒரு வழியாக வருவாள். என் கடையின் உள்பக்கம் பழைய சார்ஜர் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பேசிவிட்டு, முறுக்கையும் பூவையும் மாற்றிக்கொண்டு போவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் டவர் போட இடம் பார்க்க ஒரு இன்ஜினியர் வந்தார். விழுப்புரத்துப் பக்கத்துப் பையன், பணிவான பேச்சு. மேடேறி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இதுதான் இடம் என்று சொல்லிவிட்டார். இங்கே வைத்தால் இரண்டு ஊருக்கும் முழு சிக்னல் கிடைக்கும். கொல்லை தங்கதுரை அண்ணன் பட்டா. அவர் தலையாட்டினால் போதும்.

அவர் தலையாட்டவில்லை. "மேல எல்லாம் வாணாங்க. என் வூட்டுக்குப் பின்னாடி எடம் கீது, அங்க வைங்க. ரோடு ஒட்டுது, கரண்டு கம்பமும் ஒட்டுது. உங்களுக்கும் வேல கம்மி" என்றார்.

"ஐயா, அங்க வச்சா மேடு மறச்சிக்கும். அந்தப் பக்கம் குண்டாங்காட்டுக்கு ஒண்ணும் போவாதுங்க" என்று இன்ஜினியர் கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார்.

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்ங்கிறீங்க?"

ஊரில் பெரியவர்களும் சொல்லிப் பார்த்தார்கள். கேட்கவில்லை. கம்பெனிக்காரர்களுக்கும் மேட்டுக்குப் பாதை வெட்டுகிற செலவு மிச்சம், சரி என்றுவிட்டார்கள். அன்று ராத்திரி சோறு போடும்போது பாப்பாத்தி அக்கா, "நம்ம பொண்ணு வாழற ஊருய்யா அது" என்று சொன்னதற்கு, "அந்த மேட்டுல போன் பேசப் போய்தான் என் மானம் போச்சி. ஒரு கோடு சிக்னல் கூட அந்தப் பக்கம் போவக்கூடாது" என்றாராம். அக்கா இதை என்னிடம் சொல்லும்போது அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி விட்டுக்கொண்டிருந்தாள்.

டவர் வந்தது. டவரைக் குறை சொல்கிறவர்களை எனக்குப் பிடிக்காது, அதனால் வந்த நல்லதையும் சொல்லிவிடுகிறேன். நாவலூத்தில் ரேஷன் மெஷின் கடைக்குள்ளேயே வேலை செய்தது. மரவள்ளிக்கு ஆத்தூர் மில்லில் என்ன விலை என்று வியாபாரி வாயைப் பார்க்காமல் தெரிந்துகொண்டார்கள். பாம்பு கடித்த ஒருவனுக்கு ஆம்புலன்ஸ் அவன் வீட்டு வாசலுக்கே வந்தது, பிழைத்துக்கொண்டான். படிக்கிற பிள்ளைகள் வீட்டுக்குள் உட்கார்ந்து பாடம் பார்த்தார்கள். போன வருஷம் அதே டவரில் 5ஜி பெட்டியையும் ஏற்றினார்கள். தங்கதுரை அண்ணனுக்கு டவர்க்காரர் என்றே பெயர் வந்துவிட்டது. யாராவது "நெட்டு ஸ்லோவா கீதுண்ணா" என்றால், ஏதோ தன் கிணற்றில் தண்ணீர் வற்றிவிட்ட மாதிரி வீட்டுக்குப் பின்னால் ஓடி டவரை அண்ணாந்து பார்ப்பார். நான்கூட அவரைக் கிண்டல் செய்திருக்கிறேன். குண்டாங்காட்டுக்காரர்கள் மட்டும் பழையபடி மேடேறிக்கொண்டிருந்தார்கள். வேறு எந்தக் கம்பெனி டவரும் அந்தப் பக்கம் எட்டவில்லை.

பாப்பாத்தி அக்காவுக்குப் போன் விற்றது நான்தான். நம்பர்களைப் பதிந்து கொடுத்ததும் நானே. அண்ணன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு. "சந்தியா அப்பா"ன்னு போடு என்றாள். அப்படியே போட்டேன். வீடியோ காலை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். திருப்பூரில் தம்பி, பெங்களூரில் தங்கை மகள், எல்லார் முகத்தையும் அடுப்படியிலிருந்தே பார்த்துப் பேசினாள்.

"எல்லார் மூஞ்சியும் பளிச்சினு தெரியுது எஸ்தரு. மேட்டுக்கு அந்தாண்ட கீற எம் பொண்ணு மூஞ்சிதான் தெரிய மாட்டேங்குது" என்றாள் ஒரு சந்தை நாளில்.

சந்தியா முடிந்தபோதெல்லாம் மேடேறி வந்து அம்மாவைக் கூப்பிடுவாள். அப்பா கீழே மரவள்ளிக் காட்டுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவாள். பிறகு அவள் வயிற்றில் குழந்தை தங்கியது. மாதம் ஏற ஏற மேடும் ஏற முடியவில்லை, சந்தைக்கும் வர முடியவில்லை. அக்கா இந்தச் சேதியைக் கணவனிடம் சொல்லவில்லை. பேரக்குழந்தை பிறந்து, அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து காட்டினால் தானாக இளகிவிடுவார் என்று காத்திருந்தாள்.

காத்திருந்த அவளைத்தான் காய்ச்சல் பிடித்தது. முதலில் சாதாரணமாக நினைத்தார்கள். கண் மஞ்சளானது, கால் வீங்கியது. கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்துப் பார்த்தார்கள். ஈரல் முழுக்கக் கெட்டுப்போய்விட்டது, வீட்டுக்குக் கூட்டிப்போய் நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஐப்பசி மழை. அடைமழையில் ஜீப்பில் கொண்டுவந்து வீட்டில் கிடத்தினார்கள்.

மறுநாள் காலையிலிருந்து அவளுடைய போன் ஓயவே இல்லை. திருப்பூர் தம்பி வீடியோவில் வந்து அழுதான். பெங்களூர்ப் பெண் வந்தாள். படம் கொஞ்சமும் தடங்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே தெரிந்ததாம். பக்கத்து வீட்டு விஜயலட்சுமி போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் பார்த்து முடித்ததும் அக்கா கணவனைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"எம் பொண்ணப் பாக்கணும். ஒருவாட்டி காட்டிடு. அவ முழுகாம கீறா. நெற மாசம்."

அண்ணன் தன் போனை எடுத்தார். மகள் நம்பர் அவரிடம் இருந்தது, அழிக்கவில்லை. அழுத்தினார். நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அழுத்தினார். மறுபடி அதே குரல். "இன்னொரு வாட்டி பாரும்மா, அங்கதான் கீறா" என்று அந்தக் குரலிடமே சொன்னாராம். பிறகு எனக்குப் போன் செய்தார்.

"எஸ்தரு, சந்தியா நம்பர்ல இன்னா கோளாறு? போவ மாட்டேங்குது."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "நம்பர்ல ஒரு கோளாறும் இல்லண்ணா. மேட்டுக்கு அந்தப் பக்கம் டவர் எடுக்காது. உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

உடனே ஆல்பர்ட்டைப் பைக்கில் குண்டாங்காட்டுக்குச் சுற்றுவழியில் அனுப்பினேன். தரைப்பாலத்தின் மேல் வெள்ளம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, நனைந்துபோய்த் திரும்பி வந்துவிட்டார்.

அண்ணன் தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு மேடேறிவிட்டார். போனை நெகிழிப் பையில் சுற்றி மடியில் கட்டியிருந்தார். சொந்தக் கொல்லையைத் தாண்டி, வாழ்க்கையில் இனி இறங்குவதில்லை என்று சொன்ன அந்தப் பக்கம் இறங்கினார். செழியன் வீடு எது என்று அவர் யாரையும் கேட்கவில்லையாம். மேட்டில் களை எடுக்கும் நாளெல்லாம் அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

சந்தியா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் பழக்கத்தில் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்துவிட்டாள், நீட்டிய பிறகுதான் முறை ஞாபகம் வந்தது. கையைப் பின்னால் இழுக்கப் போனாள். அவர் எட்டி வாங்கி மொத்தத்தையும் குடித்தார். செழியனின் அம்மா அதைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அம்மாவுக்கு முடியல. உன்னப் பாக்கணும்ங்கறா."

அவள் அந்த நிமிஷமே கிளம்பிவிட்டாள். செழியனும் அவன் அம்மாவும் தடுத்துவிட்டார்கள். வழுக்கிக்கொண்டு போகிற மண், நிறைமாத வயிறு. அண்ணனே, "நீ வாணாம்மா, வுழுந்துடுவ" என்று சொன்னார். சந்தியாதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்பா, உன் போனக் குடு, நான் பேசறேன். மேல போய் அம்மாவுக்கு அனுப்பிடு. நம்ம கொல்லையில நின்னா டவர் எடுக்கும்" என்றாள்.

செழியன் போனைப் பிடிக்க அவள் பேசினாள். என்ன பேசினாள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். "எம்மா, நான் நல்லாக் கீறேன். அப்பா வந்துகிறாரு, பாரு. எங்க வூட்டுத் தண்ணி வாங்கிக் குடிச்சாரும்மா. நீ எழுந்துக்கோ. கொழந்தைக்கு நீதான் மொத தண்ணி ஊத்தணும்." அவ்வளவுதான். நடுவில் அப்பாவின் நனைந்த தோளையும் செழியன் போனைத் திருப்பிக் காட்டினானாம்.

அண்ணன் மறுபடி மேடேறினார். வயதான கால். இரண்டு இடத்தில் வழுக்கி விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டார். உச்சிக்கு வந்து பையைப் பிரித்தார். கீழே அவர் வீட்டுக்குப் பின்னால் டவர் நின்றது, போனில் கோடு முழுசாக இருந்தது. அனுப்பினார்.

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடுச்சி எஸ்தரு. ரெண்டு டிக்கும் வந்துடுச்சி. அவ்ளோ ஸ்பீடு" என்று என்னிடம் சொன்னார். அக்கா பார்த்ததும் டிக் நீலமாகும் என்று மழையில் நின்று பார்த்திருக்கிறார். ஆகவில்லை. விஜயலட்சுமிதான் கூப்பிட்டாள். அண்ணன் அந்தப் பக்கம் இருந்தபோதே அக்கா போய்விட்டாள். விஜயலட்சுமி இவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள், இவர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தார். வீடியோ வந்த சத்தம் கேட்டபோது போன் அக்காவின் நெஞ்சின் மேல்தான் இருந்ததாம்.

மழையில் அக்காவை அதிக நேரம் வைத்திருக்க முடியவில்லை. பொழுது போவதற்குள் மண் போட்டுவிட்டார்கள். வெள்ளம் வடிந்த பிறகு செழியன் தன் வண்டியில் சந்தியாவைச் சுற்றுவழியில் கூட்டி வந்தான். அண்ணன் எழுந்து போய் வாசலில் நின்று அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். அவள் அம்மா படுத்திருந்த பாயைத் தடவிக்கொண்டே அழுதாள். அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காமல் வெளியே வந்து டவருக்குக் கீழே நின்றேன்.

ஆண் குழந்தை பிறந்தது. முதல் தண்ணீரைத் தாத்தா ஊற்றினார். குழந்தைக்குத் தீட்டுக் கழிந்ததும் அவரே கள்ளக்குறிச்சிக்குப் போனார், செழியனையும் கூட்டிக்கொண்டு. மேட்டுக்கொல்லையைச் சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள், வாடகை வேண்டாம், டவரை மேலே ஏற்றிவிடுங்கள் என்று கேட்டார். கம்பெனி ஆபீஸில் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். அவர்கள் வரைபடத்தில் நாவலூத்தும் குண்டாங்காடும் ஒரே நிறத்தில் இருந்தன. அந்த ஏரியா ஏற்கெனவே கவர் ஆகிவிட்டது, அடுத்த திட்டத்தில் பார்க்கலாம் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினார்கள். இன்னும் போய் வந்துகொண்டுதான் இருக்கிறார். மேட்டில் ஒரு சின்னக் கொட்டாய் போட்டிருக்கிறார், போன் பேச வருகிறவர்கள் மழையில் நனையாமல் நிற்க. பேரனைப் பார்க்க அடிக்கடி மேடேறி இறங்குகிறார். டவர்க்காரர் என்று யாராவது கூப்பிட்டால் இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை.

மாதம் ஒருமுறை என் கடைக்கு இரண்டு போனோடு வருவார். ஒன்று அவருடையது, இன்னொன்று பாப்பாத்தி அக்காவுடையது. இரண்டுக்கும் ரீசார்ஜ் செய்யச் சொல்வார். அக்காவின் நம்பர் எதற்கு என்று நான் கேட்டதில்லை.

போன மாதம் அக்காவின் போன் அப்படியே நின்றுவிட்டது என்று கொண்டுவந்தார். அணைத்து மறுபடி போட்டேன், உயிர் வந்தது. எல்லாம் ஓடுகிறதா என்று பார்க்க வாட்ஸ்அப்பைத் திறந்தேன். மேலேயே, நான் பதிந்து கொடுத்த "சந்தியா அப்பா" இருந்தது. பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் ஒன்று என்ற எண். அந்த மழை நாளுக்குப் பிறகு யாரும் அந்த நம்பருக்கு எதுவும் அனுப்பியிருக்கவில்லை. என் விரல் தன்னால் அதன் மேல் போய்விட்டது.

அண்ணன் மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வாணாம் எஸ்தரு. நீ தொறந்தா எம் போன்ல நீலமாயிடும்" என்றார். "அவ பாத்துட்டானு காட்டும். அவ பாக்கலியே."